ஏற்காட்டு மலைச்சரிவில் ஓடும் ஏடிவிக்கு எந்த கியர் ஆயில்? முழுமையான வழிகாட்டி

சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலால் பெயர் பெற்றது. கியர் பாக்ஸையும் கிரவுனையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய மெக்கானிக்குகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஏடிவி (கரடுமுரடான பாதைகளில் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி) வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதிதான் என்றாலும், ஆயில் விஷயத்தில் மட்டும் இதே பழக்கம் சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. கடையில் ‘கியர் ஆயில்’ என்று கேட்டால் கடைக்காரரின் கை தானாகப் போவது லாரி ஆக்சிலுக்கான 90 நம்பர் அல்லது 140 நம்பர் டப்பாவை நோக்கித்தான். “90 ஊத்திக்கோங்க சார், ஒண்ணும் ஆகாது” என்ற பதில் லாரியின் பின் ஆக்சிலைப் பொறுத்தவரை நியாயமானது. ஏடிவியில் அதே ஆயில் ஒரு மாடலுக்குப் பொருந்தியும் விடலாம், இன்னொரு மாடலின் கிளட்சை ஒரே வாரத்தில் வழுக்க வைக்கவும் செய்யலாம்.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் ஆயில் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதை அறிய வேண்டும், அடுத்து அந்தப் பெட்டிக்கு உரிய தரக்குறியீடு, அதன் பிறகு ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் நம்பர், பிராண்டு கடைசி. பெரும்பாலோர் பிராண்டில் தொடங்கிப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

முதல் படி: வண்டியில் எத்தனை இடத்தில் ஆயில் நிற்கிறது?

காரில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்கு ஓர் ஆயில் என்று பிரிந்திருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் ஏடிவியிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஏடிவிகளில் மூன்று வகையான அமைப்புகள் உள்ளன.

முதல் வகையில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. நம் மோட்டார் சைக்கிள்களில் இருப்பதும் இதே அமைப்புதான். காலால் கியர் மாற்றும் ஹோண்டா ஏடிவிகளும், சிறுவர்களுக்கென்று விற்கப்படும் 110, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலானவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் கியர் பாக்ஸுக்கென்று தனி ஆயில் கிடையாது.

இரண்டாவது வகையில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே பெல்ட்டில் இயங்கும் சிவிடி (படிகள் இல்லாமல் தானாகவே வேக விகிதத்தை மாற்றும் அமைப்பு) இருக்கிறது, கியர் பெட்டி தனியாக நிற்கிறது. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன், கேன்-ஆம் அவுட்லேண்டர் போன்றவை இப்படிப்பட்டவை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பெல்ட் இருக்கும் அறைக்குள் ஆயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த அறையைத் திறக்கும்போது ஆயில் ஈரம் தென்பட்டால், எஞ்சின் பக்கமோ கியர் பெட்டிப் பக்கமோ ஓர் ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். பெல்ட்டைத் துடைத்து மாட்டுவது அதற்குத் தீர்வாகாது. சீலைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றுவது. யமஹா கிரிஸ்லி, கோடியாக் போன்றவற்றிலும் பெல்ட் சிவிடி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி சுழலும் மையவிலக்கு கிளட்ச் ஒன்றும் இருக்கிறது. ‘பெல்ட் வண்டிதானே, கிளட்ச் ஏது’ என்று எண்ணி, காருக்கான வழுக்கல் மிகுந்த எஞ்சின் ஆயிலை இதில் ஊற்றினால் சுமையேற்றத்தின்போது கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

ஜிஒய்6 எஞ்சின் பொருத்திய 150, 200 சிசி வண்டிகள் ஸ்கூட்டரின் உறவினர்கள்; பின்பக்கத்துச் சிறு கியர் பெட்டியில் கொஞ்சமே ஆயில் நிற்கும். ஸ்கூட்டர் ஒன்றில் 120 மி.லி. அளவே போகும் இடம் இது. பின்னோட்டக் கியர் சேர்ந்த ஏடிவி பெட்டிகளில் அளவு இதைவிடக் கூடும் என்பதால், ஸ்கூட்டர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவை போக, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் டிஃப்ரன்ஷியலுக்கும் (இழுவையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), ஷாஃப்ட் டிரைவ் இருந்தால் பின் கியர் ஹவுசிங்குக்கும் தனித்தனி ஆயில் உண்டு. செயின் ஓட்டும் வண்டியில் பின்னால் அது இருக்காது.

கையேடு கைவசம் இருந்தால் அதிலுள்ள லூப்ரிகேஷன் அட்டவணை இதையெல்லாம் ஒரே பக்கத்தில் சொல்லிவிடும். ரிசார்ட்டிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ கைமாறி வந்த வண்டிகளுடன் கையேடு வருவது அபூர்வம். அப்போது வண்டியைக் கழுவி, அடியில் தார்ப்பாய் விரித்துப் படுத்து, டார்ச் வெளிச்சத்தில் டிரெயின் நட்டுகளைத் தேடுவது ஒன்றே வழி. ஒவ்வொரு டிரெயின் நட்டுக்கும் மேலே அதற்குரிய ஃபில்லர் மூடி எங்கே இருக்கிறது என்று பார்த்து ஜோடி சேர்த்து, பெயின்ட் பேனாவால் 1, 2, 3 என்று எழுதிவிட வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஒரே நட்டு, ஒரே டிப்ஸ்டிக், முன் டிஃப்ரன்ஷியல், பின் ஹவுசிங் தவிர வேறெங்கும் ஃபில்லர் மூடி இல்லை என்றால் அது முதல் அல்லது மூன்றாவது வகை. சிவிடி உறையின் அடியில் இருக்கும் சிறு அடைப்பானை ஆயில் நட்டு என்று எண்ணிவிட வேண்டாம். அது உள்ளே புகுந்த தண்ணீரை வடிப்பதற்கானது.

இரண்டாம் படி: பெட்டிக்கு ஏற்ற தரக்குறியீடு

எஞ்சினும் கிளட்சும் ஆயிலைப் பகிர்ந்துகொள்ளும் வண்டிக்குக் கடையில் கேட்க வேண்டியது கியர் ஆயிலே அல்ல. ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரையுள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில். ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பு. கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பற்ற வேண்டிய எஞ்சின்களுக்காக அது வகுத்த டி903 தரத்தில் எம்ஏ என்றால் உராய்வு போதிய அளவு இருக்கிறது என்று பொருள். எம்ஏ2 என்றால் அந்த வரம்பின் மேற்பகுதியில் இருக்கிறது என்று பொருள். எம்பி என்பது உராய்வைக் குறைத்த ஆயில். ஸ்கூட்டருக்கென்றே விற்கப்படும் டப்பாக்கள் பல எம்பி வகை என்பதால், ‘டூ-வீலர் ஆயில்’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் தவறானது கைக்கு வந்து சேரலாம். டப்பாவின் பின்புறம் சிறு கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும் முத்திரையைக் கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

எஸ்டேட்டில் டிராக்டருக்காகப் பேரல் கணக்கில் வாங்கி வைத்திருக்கும் 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயிலை ஏடிவிக்கும் ஊற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதில் ஜாசோ எம்ஏ முத்திரை இல்லை என்றால் ஊற்றக் கூடாது. டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயிலுக்கும் இதே பதில்தான்.

தனிக் கியர் பெட்டிக்கு வருவோம். இங்கே பார்க்க வேண்டியது ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு வகுத்த ஜிஎல் எண். பல் மேல் பல் கடுமையாக அழுந்தும்போது ஆயில் படலம் கிழிந்து உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பதற்காக, கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள் கியர் ஆயிலில் சேர்க்கப்படுகின்றன. கியர் ஆயிலின் குமட்டும் வாடை அந்தக் கந்தகத்தால் வருவது. ஜிஎல்-4 ஆயிலில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு சேர்மானம் ஜிஎல்-5இல் இருக்கிறது. பல்கள் உருள்வதோடு பக்கவாட்டில் வழுக்கவும் செய்கிற ஹைபாய்டு கியர்களுக்காக, அதாவது டிஃப்ரன்ஷியல்களுக்காக உருவானது ஜிஎல்-5.

‘எண் கூடினால் தரம் கூடும், ஆகவே ஜிஎல்-5தான் எல்லாவற்றுக்கும் மேல்’ என்று நினைப்பது தவறு. வீரியமான கந்தகச் சேர்மானம், சூடு ஏறும்போது பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். ஜீப்பின் கியர் பாக்ஸில் உள்ள சிங்க்ரோனைசர் வளையங்கள் (கியர் விழும் முன் இரு பல்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்குபவை) பித்தளையால் ஆனவை. ஆயில் அளவுக்கு மீறி வழுவழுப்பாக இருந்தால் அவை பிடிக்காமல் கியர் விழும்போது ‘கறக்’ என்று சத்தம் வரும். அதனால்தான் பல ஜீப் கியர் பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4உம், அதே வண்டியின் ஆக்சிலுக்கு ஜிஎல்-5உம் சொல்லப்படுகின்றன. ஏடிவி பெட்டிகள் பெரும்பாலும் சிங்க்ரோனைசர் இல்லாதவை. ஹை, லோ, ரிவர்ஸ் ஆகியவை கொக்கிப் பற்கள் மூலம் நேராக மாட்டிக்கொள்பவை. ஆகவே ஜீப்பைப் பற்றிச் சொல்லப்படும் பயம் ஏடிவிக்கு முழுமையாகப் பொருந்தாது. தயாரிப்பாளரே ஜிஎல்-5 சொல்லியிருந்தால் தயங்காமல் ஊற்றலாம். ஜிஎல்-4 சொல்லியிருந்தால் உள்ளே வெண்கல புஷ் இருக்கக்கூடும் என்று கொண்டு அதிலேயே நிற்பது நல்லது. இரண்டு தரத்துக்கும் பொருந்தும் என்று அறிவிக்கும் ஆயில்களும் சந்தையில் உண்டு. அவற்றை வாங்குமுன் தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் தாமிரப் பட்டைச் சோதனை முடிவைப் பார்க்கலாம்: 1 என்ற தொடக்கம் தாமிரம் லேசாகவே நிறம் மாறியது என்பதையும், 4 என்பது கறுத்து அரித்தது என்பதையும் குறிக்கும்.

போலாரிஸ் தன் கியர் பெட்டிக்கு ஏஜிஎல் என்ற சொந்த ஆயிலைச் சொல்கிறது. கேன்-ஆம் பல மாடல்களுக்கு 75டபிள்யூ-140 செயற்கை ஆயிலைச் சொல்கிறது. உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருந்தால் சொன்னதையே வாங்கி, பில்லையும் பத்திரப்படுத்துவதே புத்திசாலித்தனம்.

முன் டிஃப்ரன்ஷியல் தனி விவகாரம். போலாரிஸ் வண்டிகளில் பின்சக்கரம் சுழன்று வழுக்கும்போது மட்டும் முன்சக்கரத்தைப் பூட்டும் உருளை கிளட்ச் முன்பெட்டிக்குள் இருக்கிறது. அதற்கென டிமாண்ட் டிரைவ் என்ற மெல்லிய திரவத்தையே நிறுவனம் சொல்கிறது. அந்த இடத்தில் 90 நம்பர் ஆயிலை ஊற்றினால் உருளைகள் வேண்டிய நேரத்தில் நகராமல், ஏற்றத்தில் முன்சக்கர இழுவை கிடைக்காமல் போகும். ‘முன்னாடியும் கியர், பின்னாடியும் கியர்’ என்று எல்லாப் பெட்டிகளிலும் ஒரே டப்பாவைக் கவிழ்ப்பதுதான் இந்த வண்டிகளில் நடக்கும் மிக விலையுயர்ந்த தவறு.

மூன்றாம் படி: நம்பர்

75டபிள்யூ-90 என்பதில் முன்பாதி குளிருக்கு, பின்பாதி சூட்டுக்கு. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே306 தரப்படி 75டபிள்யூ ஆயில் மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ மைனஸ் 26இலும், 85டபிள்யூ மைனஸ் 12இலும் சோதிக்கப்படுகிறது. ஏற்காட்டின் மார்கழிக் குளிர் எவ்வளவுதான் எலும்பைத் தொட்டாலும் இந்த வெப்பநிலைகளின் பக்கத்தில்கூடப் போவதில்லை. ஆகவே 75டபிள்யூ-90க்கும் 80டபிள்யூ-90க்கும் இடையே குளிர் காரணமாகத் தேர்வு செய்ய நமக்கு அவசியமே கிடையாது. 75டபிள்யூ பெரும்பாலும் செயற்கை அடிப்படை ஆயிலில் தயாராவதால், நெடுநேரச் சூட்டைத் தாங்குகிறது என்ற காரணத்துக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

நமக்கு முக்கியமானது பின்பாதி. 100 டிகிரி சூட்டில் எஸ்ஏஇ 80 ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 8.5 முதல் 11 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு), 90க்கு 13.5 முதல் 18.5 வரை, 140க்கு 24 முதல் 32.5 வரை. எஞ்சின் ஆயிலின் எண்கள் வேறொரு அளவுகோலில் இடப்பட்டவை: எஞ்சின் ஆயிலில் 40 என்பது 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக், 50 என்பது 16.3 முதல் 21.9. அதாவது கியர் ஆயில் 90உம், எஞ்சின் ஆயில் 40 அல்லது 50உம் சூட்டில் ஏறக்குறைய ஒரே கெட்டித்தன்மை உடையவை. எண்ணைப் பார்த்து 90 ஆயில் 40ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று எண்ணுபவர்கள் பட்டறைகளிலேயே இருக்கிறார்கள்.

சேலத்தில் கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெயிலைச் சொல்லி, ‘சூட்டுக்கு 140 போட்டால்தான் தாங்கும்’ என்று வாதிடுவோரும் உண்டு. கெட்டி ஆயில் பல்களில் தடித்த படலமாக நிற்கும் என்பது உண்மை. அதே ஆயில் சிறிய பெட்டிக்குள் சுழலும் பல்லுக்கு எதிராக இழுத்து, தானே சூட்டைக் கூட்டும். மேலே இருக்கும் பேரிங்குகளுக்குத் தெறித்துப் போய்ச் சேரவும் தாமதமாகும். ஹையிலிருந்து லோவுக்கு லீவரைத் தள்ளுவதும் கடினமாகும். கையேட்டில் வெளிவெப்பநிலைக்கேற்ற பட்டை வரைபடம் தரப்பட்டிருந்தால், அது 40 டிகிரிக்கு அனுமதிக்கும் எண்ணுக்குள் மேலேயுள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். வரைபடம் ஏதும் இல்லாமல் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

ஆயிலைப் பகிரும் எஞ்சின்களில் 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்று கேட்டிருக்க, நம் கடைகளில் எளிதில் கிடைப்பது 20டபிள்யூ-40. நம் தட்பவெப்பத்தில், காலால் கியர் மாற்றும் சாதாரண வண்டிக்கு, 10டபிள்யூ-40 கிடைக்காத நாளில் ஜாசோ எம்ஏ முத்திரையுள்ள 20டபிள்யூ-40ஐ ஊற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆயில் அழுத்தத்தாலேயே கியர் மாற்றும் தானியங்கி ஹோண்டா மாடல்களில் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான்காம் படி: மலையின் கணக்கைச் சேர்ப்பது

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும் தார்ச்சாலையில் ஏடிவிகள் ஓடுவதில்லை. பெரும்பாலான மாடல்களைப் பொதுச் சாலைக்குப் பதிவு செய்ய முடியாது என்பதால் அவை சிறு சரக்கு வண்டியில் ஏறித்தான் மேலே போகின்றன. அவற்றின் வேலை நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடைப் பக்கத்துக் காபி, மிளகுத் தோட்டங்களின் மண்பாதைகளில். உர மூட்டையையோ பழுத்த காபியையோ ஏற்றிக்கொண்டு, நடக்கும் வேகத்தில், லோ கியரில் ஏறும் வேலை அது. வேகம் குறைவு, காற்றோட்டம் குறைவு, பல்லின் மேல் அழுத்தம் அதிகம். கையேட்டில் ‘கடும் பயன்பாடு’ என்று தனிப் பத்தி இருந்தால் நம் வண்டிக்கு உரியது அதுதான்.

ஹை கியரில் மேட்டை ஏறப் பிடிவாதம் பிடித்தால் சிவிடி பெல்ட் கருகும். அதை எந்த ஆயிலாலும் சரிசெய்ய இயலாது.

அடுத்தது தண்ணீர். ஆடி, ஐப்பசி இரண்டு பருவத்திலும் மழை பெறும் மலை இது; ஆண்டில் பல மாதங்கள் பாதைக்குக் குறுக்கே ஓடை இருக்கும். சூடான பெட்டி குளிர்ந்த நீருக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் குழாயின் (பெட்டிக்குள் காற்று போய்வரும் சிறு குழாய்) வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அதன் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஆகவே ஆயிலுக்குச் செலவழிக்கும் முன் ஒவ்வொரு பெட்டியின் பிரீதர் குழாயும் எங்கே முடிகிறது, செம்மண் அடைத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். மழைக்காலத்தில் விலையுயர்ந்த செயற்கை ஆயிலை ஊற்றிவிட்டு ‘இது நெடுநாள் வரும்’ என்று விட்டுவிடுவதைவிட, அதே தரக்குறியீடுள்ள மினரல் ஆயிலை ஊற்றி அடிக்கடி மாற்றுவது மேல் என்பது என் கருத்து. தண்ணீர் கலந்த பிறகு இரண்டும் ஒரே பால்தான். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு செயற்கை ஆயிலுக்கு மாறலாம். ஒரு பெட்டிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே போகும் இடங்களில் அந்த விலை வித்தியாசம் பெரிய சுமையாகாது.

ஐந்தாம் படி: வாங்குவது

பேரலிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயிலை இந்த வண்டிக்கு வாங்க வேண்டாம். அதில் ஜிஎல் எண்ணைச் சரிபார்க்க எந்த வழியும் இல்லை. டப்பாவின் மூடி வளையம் முறியாமல் இருக்கிறதா, தொகுதி எண்ணும் தயாரிப்பு மாதமும் அழியாத அச்சில் உள்ளனவா, ஏபிஐ அல்லது ஜாசோ எண் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். ‘எல்லா கியர் பாக்ஸுக்கும் ஏற்றது’ என்று மட்டும் எழுதி எண்ணைச் சொல்லாத டப்பாவை அங்கேயே வைத்துவிட வேண்டும். சர்வோ, காஸ்ட்ரால், மோட்டுல், ஷெல், வீடால் எதுவாயினும் எண் பொருந்தினால் வேலை செய்யும். வாங்கும்போதே டிரெயின் நட்டுக்கான புது வாஷரையும் சேர்த்து வாங்கினால், பாதி வேலையில் வண்டியை அடைத்துப் போட்டுவிட்டு மலையிறங்க வேண்டிய நிலை வராது.

ஆறாம் படி: மாற்றுவதும் பழைய ஆயிலைப் படிப்பதும்

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பான பிறகு சமதளத்தில் நிறுத்த வேண்டும். டிரெயின் நட்டைத் தொடுவதற்கு முன் மேலேயுள்ள ஃபில்லர் மூடியைத் திறந்துவிட வேண்டும். துருவேறி மேல்மூடி திறக்காமல் போனால், அடியில் ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயிலை ஊற்ற வழியின்றி நிற்க நேரிடும்.

வடிந்த ஆயிலை உடனே கேனில் கொட்டாமல் வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். தேன் நிறம் கறுத்திருப்பது இயல்பு. காபியில் பால் கலந்தாற்போல் மங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயிலை ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடி வடித்து, மீண்டும் ஊற்றினால்தான் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் நீங்கும். பிரீதரையும் சீலையும் சரிசெய்யாமல் இதைச் செய்வது வீண் செலவு. டிரெயின் நட்டின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் படிந்ததை விரலால் எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். மை போன்ற சாம்பல் நிறக் குழைவு துணியில் சீராகப் பரவினால் அது பல் தேயும் இயல்பான பொடி. துணியில் நரநரவென்று தட்டுப்பட்டாலோ, ஊசிபோல் மின்னும் சிலும்பு நின்றாலோ பேரிங் அல்லது பல் உதிர்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்காமல் ஆயில் பிராண்டை மாற்றிப் பயனில்லை. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் வெண்கலத்துடையது.

ஊற்றும் அளவு கையேட்டின்படி. அளவு தெரியாத வண்டியில், லெவல் துளை உள்ள பெட்டியானால், சமதளத்தில் அந்தத் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்போது நிறுத்த வேண்டும். கூடுதலாக ஊற்றினால் அது நுரைத்து, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ வெளியேறும். நட்டைக் கையால் முழுதும் முடுக்கிய பிறகே ஸ்பேனர் போட வேண்டும். பெட்டி அலுமினியம், இரும்பு நட்டு மரையைத் தின்றுவிடும்.

புது வண்டியில் முதல் 25 மணி நேரத்துக்குள் ஒரு முறையும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் கியர் பெட்டி ஆயிலை மாற்றுவது பொதுவான கணக்கு. ஓடையைக் கடந்து போய்வரும் வண்டியாக இருந்தால் மணி மீட்டரைப் பார்க்காமல், வாரம் ஒரு முறை ஃபில்லர் மூடியைத் திறந்து நிறத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய ஆயிலைக் கரையானுக்கென்று மரத்தூணில் தடவுவதும் ஓடைக்கரையில் கொட்டுவதும் இங்கே வழக்கமாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு; மூடியுள்ள கேனில் சேர்த்து, அடுத்த முறை சேலத்துக்கு இறங்கும்போது பழைய ஆயிலை முறையாகச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.

வேலை முடிந்ததும் பெயின்ட் பேனாவால் எண்ணிட்ட ஒவ்வொரு ஃபில்லர் மூடியின் அருகிலும் ஊற்றிய ஆயிலின் தரக்குறியீடு, நம்பர், மணி மீட்டரின் அன்றைய எண் மூன்றையும் எழுதிவிட வேண்டும். அடுத்த முறை வண்டியைத் தொடுபவர் தோட்டத்து டிரைவராக இருக்கலாம், அடிவாரத்துப் பட்டறைப் பையனாக இருக்கலாம். அவர்கள் கையேட்டைத் தேடப் போவதில்லை, மூடியைத்தான் பார்ப்பார்கள்.